அவனுக்காக அணைத்த அடுப்பு

நாய் செத்ததற்கு யாராவது அடுப்பை அணைப்பார்களா என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். எஸ்டேட் மேஸ்திரி கேட்டார். சேலத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கும் என் மகள் போனில் கேட்டாள். மளிகைக் கடைக்காரர்கூட பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஆமாம், அணைத்தேன். இன்னொரு தடவை நேர்ந்தாலும் அணைப்பேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் லைன் வீடுகள் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு ஊருக்கு மேலே, காப்பி எஸ்டேட்டுக்குள் இருக்கின்றன. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் சோறாக்கிக் கொண்டுவர வேண்டும். அந்தச் சோற்றை எழவு வீட்டுக்காரர்கள் ஒரு வாயாவது தின்ற பிறகுதான் அங்கே மறுபடி தீ மூட்டலாம். சண்டைக்காரர் வீடாக இருந்தாலும் சோறு போகும். முகத்தைத் திருப்பிக்கொண்டாவது வாசலில் வைத்துவிட்டு வருவார்கள். சோறு வந்துவிட்டால், உன் வீட்டில் ஓர் உயிர் போனதை லைன் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு தூக்குச் சோறுதான். பசிக்காக இல்லை.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது நான் கூப்பிடுவதற்காக வைத்த பெயர். வர ஆளில்லாத பெயரை எழுதி என்ன செய்ய? அவன் என்றே சொல்கிறேன். நாயைப் போய் அவன் இவன் என்கிறாயே என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும்.

அவன் மலையில் பிறந்தவன் இல்லை. கீழேயிருந்து காரில் வந்தவன். சனி ஞாயிறில் ஏற்காடு பார்க்க வருகிறவர்கள் ஏரியில் படகு ஏறி, மிளகாய் பஜ்ஜி தின்று, போட்டோ எடுத்து, போகிற போக்கில் சிலர் வீட்டுக்கு வேண்டாத குட்டியையும் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போகிறார்கள். காடுதானே, பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பு. அவர்களைக் கொண்டுபோய் ஒரு ராத்திரி காட்டில் இறக்கிவிட்டால் தெரியும் பிழைப்பு!

கழுத்தில் சிவப்பு பெல்ட்டோடு பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கார் எது வந்தாலும் எழுந்து நின்றான். அது போனதும் உட்கார்ந்தான். வாடா என்றேன், வரவில்லை. பொறையை வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அதே இடத்தில்தான் இருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன்மேல் இல்லை, அந்தக் கார்க்காரன்மேல். குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். கையைக் கடித்தான். கடித்தால் கடி என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் வெகுநாள் வரைக்கும் ரோட்டில் கார் சத்தம் கேட்டால் போதும், சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவான். நாக்குத் தள்ளத் திரும்பி வருவான். ஒருநாள் ஒரு கார் லைன் வரைக்கும் வந்து நின்று ஹாரன் அடித்தது. வழி தெரியாமல் வந்தவர்கள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். மறுபடி என் காலடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். அன்றைக்கு நான் ஓடிப்போய்க் கறி எடுத்துவந்து சமைத்தேன். என்ன விசேஷம் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அவன் செய்த வேலையைச் சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும். ஆமாம், வேலை. காப்பிப் பழம் எடுக்கும் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு செடி வரிசையைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதை நிரை என்போம். செடிகளுக்கு அடியில் எப்போதும் அரை இருட்டு. கணுக்கால் மூடும் அளவுக்குச் சருகு. அதில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் மிதித்த பிறகுதான் தெரியும். பனி இறங்கின காலையில் காட்டெருமை நின்றால் மூச்சு முகத்தில் படுகிற தூரத்துக்குப் போன பிறகுதான் தெரியும். அவனுக்கு யாரும் எதையும் பழக்கவில்லை. அவனாகவே ஒரு காலையில் எனக்கு முன்னால் நிரைக்குள் புகுந்து, மோப்பம் பிடித்துக்கொண்டே அந்த முனை வரைக்கும் போய், வெளியே வந்து ஒரு தடவை குரைத்தான். உள்ளே ஏதாவது இருந்தால் அந்த இடத்திலேயே நின்று, லைனுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். என் நிரையோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. பக்கத்து நிரை, அதற்கடுத்த நிரை என்று எல்லாவற்றிலும் புகுந்து வருவான்.

அன்றிலிருந்து அவன் போய்வராமல் எங்களில் ஒருத்தியும் நிரைக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் நாய்க்காகக் காத்திருக்கிறோம் என்று ஒருத்தியாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே! கௌரவம் என்னாவது? நிரைத் தலைப்பில் நின்றுகொண்டு ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள். ஒருத்தி இடுப்புச் சாக்கின் முடிச்சை இறுக்குவாள். இன்னொருத்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருப்பாள். அந்த முனையிலிருந்து அவன் குரல் வந்ததும் எல்லா முடிச்சும் ஒரே நேரத்தில் கட்டி முடிந்துவிடும்.

இதில் ரொம்பப் பயந்தவர் என் பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிட மூத்தவர், புருஷன் இல்லாதவர், தனியாக இருப்பவர். பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே சேலையைத் தூக்கிக்கொண்டு கல்மேல் ஏறுகிறவர். அவன் வரச் சற்றுத் தாமதமானாலும் நிரைத் தலைப்பில் நின்று குரல் கொடுப்பார்.

"எங்க அந்தத் திருட்டு நாயி? இன்னுங் காணம்?"

திருட்டு நாய் என்ற பட்டம் சும்மா வந்ததில்லை. அக்கா முறத்தில் கருவாட்டைக் கொட்டித் துவைக்கிற கல்மேல் வெயிலுக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார். இவன் முறத்தையும் நக்கிச் சுத்தமாக வைத்துவிட்டான். அக்கா லைனையே கூட்டி நியாயம் கேட்டார். நான் புதுக் கருவாடு வாங்கிக் கொடுத்தேன். அதையும் தின்றுவிட்டான். எங்கள் வீட்டில் கருவாட்டைத் தரையிலேயே வைத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். அக்கா வீட்டுக் கருவாட்டில் மட்டும் என்ன ருசி கண்டானோ, கடைசி வரைக்கும் விடவில்லை. அக்காவும் விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை. "ஏம்புள்ள, உன் நாய நான் ஒரு நாளைக்குக் கொல்றனா இல்லையா பாரு" என்பது எங்களுக்குக் காலை வணக்கம் மாதிரி.

அவனுக்கு வயதாகிவிட்டது. மூக்கைச் சுற்றி நரைத்தது. இந்த மார்கழியில் பழம் எடுப்பு மும்முரமாக இருந்தபோது சோற்றை விட்டான். ஒருநாள் தண்ணீர் மட்டும் குடித்தான். டவுனில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்று அவனைத் துப்பட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஷேர் ஜீப்புக்கு நின்றேன். டிரைவர் என்னைப் பார்த்தார், துப்பட்டியைப் பார்த்தார்.

"நாய ஏத்தறதில்லீங்கக்கா. சனம் கொறை சொல்லும்."

"சனத்த விடுங்க. போன வாரம் இதே ஜீப்புல குடிச்சுட்டு வாந்தி எடுத்தவன ஏத்துனீங்களே, அப்ப யாருங்க கொறை சொன்னது? இவன் வாயத் தொறக்க மாட்டான். என்ற மடியிலதான் இருப்பான்."

முன் சீட்டில் இருந்தவர் சிரித்துவிட்டார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். வழியெல்லாம் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அவனைக் கண்டெடுத்த இடம் வந்தபோது என் கை அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இடத்தில் அவனைக் கீழே விட எனக்குப் பயம்.

டாக்டர் நல்லவர். தொட்டுப் பார்த்தார், ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வயசாயிருச்சுங்கம்மா. சிறுநீரகம் போயிருச்சு. ஊட்டுக்குக் கொண்டுபோய் நல்லா வெச்சிருங்க" என்றார். நல்லா வெச்சிருங்க என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும். அங்கே அழவில்லை. பஸ் ஸ்டாண்டில் வந்து அழுதேன். சுற்றுலாவுக்கு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டே ஐஸ்கிரீம் தின்றாள். பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு சில நாட்கள்தான். அவனால் நடக்க முடியவில்லை. ஆனால் காலையில் நான் இடுப்புச் சாக்கை எடுத்தால் போதும், நாலு காலும் நடுங்க எழுந்து நிற்பான். வீட்டிலேயே கிட என்று கதவைச் சாத்தினால் உள்ளேயிருந்து கதவைப் பிறாண்டுவான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் நடக்க முடியவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு காப்பிக் காட்டுக்குப் போனேன். நாங்கள் பழம் எடுத்த காட்டின் மேட்டில் மிளகுக்கொடி ஏறின ஒரு சில்வர் ஓக் மரம் இருக்கிறது. அதன் அடியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தேன். அவன் நிரைகள் பக்கம் மூக்கைத் தூக்கி ரொம்ப நேரம் மோப்பம் பிடிப்பான். பிறகு தலையைக் கீழே வைப்பான். அவன் தலையைக் கீழே வைக்கிற வரைக்கும் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் நிற்க முடியாமல் போன பிறகும் காத்துக்கொண்டுதான் நின்றார்கள். அதே பெண்கள்தான் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு காலையில் சாக்கை எடுத்தேன். அவன் எழவில்லை. வாலை மட்டும் ஒரு தடவை தரையில் தட்டினான். நான் சாக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "போயிட்டு வா சாமி. நான் இங்கதான் இருக்கறேன். எந்தக் காருலயும் ஏறிப் போயிர மாட்டேன்" என்றேன். அவனிடம் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான் என்று தோன்றியது. வெளியே பெண்கள் பேசிக்கொண்டே வேலைக்குப் போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து அடங்குவதற்குள் அவன் மூச்சும் அடங்கிவிட்டது.

வீட்டுக்காரர் வெளியே வெந்நீருக்குத் தீ மூட்டியிருந்தார். நான் போய் ஒரு குடம் தண்ணீரை எடுத்து அந்த அடுப்பில் ஊற்றினேன். உள்ளே வந்து கேஸ் அடுப்பையும் மூடி, சிலிண்டரையும் திருகினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்புள்ள, சித்த யோசி. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நம்ம ஊட்ல எழவு."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். எங்கள் வீட்டில் உலையே இல்லை, மூடிக்கு நான் எங்கே போக?

நான் வேலைக்கு வரவில்லை என்று மேஸ்திரி ஆள் விடாமல் தானே வந்துவிட்டார். பழம் பழுத்துக் கொட்டுகிற நேரத்தில் லீவு போட்டால் அவருக்குப் பொறுக்காது. வாசலில் நின்று விஷயத்தைக் கேட்டார். சாவு லீவு என்றேன். அவர் சிரித்தார்.

"ஏம்மா, நாயக் குளுப்பாட்டி நடு ஊட்டுல வெச்சாலும் நாய் நாய்தான்மா."

"குளுப்பாட்டி நடு ஊட்டுலதானுங்க வெச்சிருக்கறேன். வந்து பாருங்க."

உண்மையாகவே அப்படித்தான் வைத்திருந்தேன். பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, துடைத்து, நெற்றியில் திருநீறு பூசி, என் பழைய கல்யாணப் போர்வையில் கிடத்தியிருந்தேன். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். பள்ளத்தில் போட்டுவிட்டு வரச் சொன்னார். லைனில் நாயோ பூனையோ செத்தால் கீழே ஓடைப் பள்ளத்தில் வீசுவதுதான் வாடிக்கை. எஸ்டேட்டுக்குள் குழி தோண்டக் கூடாது, மேனேஜர் சத்தம் போடுவார் என்றார்.

"பள்ளத்துல வீசறதுக்கு அவன் ஊசப்போன சோறு இல்லீங்க. மேட்டுல, சில்வர் ஓக் மரத்தடியில பொதைக்கப் போறேன். காப்பி வேரு ஒண்ணுக்கும் சேதாரம் வராது. மேனேஜர்கிட்டச் சொல்லுங்க, ஆபீஸ் ரைட்டர்கிட்டச் சொல்லுங்க, யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. அவிய வர்றதுக்குள்ள மண்ணு மூடியிருப்பேன்."

இந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார். இடுப்பு வலி என்று அவரும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நான் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருமென்று எதிர்பார்த்துவிட்டேன். அவருடைய வீட்டுக்காரர் செத்த அன்று முதல் சோறு கொண்டுபோனவள் நான். அன்றைக்கு இவனும் என் பின்னாலேயே வந்து அக்காவின் வாசலில் படுத்துக்கொண்டு, மறுநாள் பொழுது ஏறுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அக்கா அவனை விரட்டவும் இல்லை. அதை அவர் மறந்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அக்கா அணைந்த அடுப்பைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு மோவாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அடக் கெரகமே! நாய்க்கு எழவு ஊடா? நாளைக்கு உன் ஊட்டுக் கோழி செத்தாலும் சோறு கேப்பயா புள்ள?"

"கோழி செத்தா நீங்க கொழம்பு வெச்சிருவீங்களே அக்கா, எழவு எங்கிருந்து வரும்?"

மேஸ்திரி சிரித்தார். அக்கா கதவை அறைந்து சாத்திக்கொண்டார். சரி, இந்த வீட்டுச் சோறு நமக்கு வராது என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

மம்பட்டியை எடுத்தது வீட்டுக்காரர்தான். நான் கேட்கவில்லை. முன்னால் நடந்தார். பெண்கள் பழம் எடுத்துக்கொண்டிருந்த காட்டின் மேட்டிலேயே, எல்லோரும் பார்க்கத் தோண்டினார். நான் அவனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சிவப்பு பெல்ட்டை அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே கழற்றி எறிந்திருந்தேன். கழுத்தில் அது இருந்த இடத்தில் கடைசி வரைக்கும் முடி சரியாக வளரவில்லை. அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். குழியில் இறக்கினதும் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன்மேல் போட்டார். அது அவருக்குப் பிடித்த துண்டு. மேஸ்திரி தூரத்தில் நின்று பார்த்தார், பக்கத்தில் வரவில்லை.

அன்றைக்குச் சோறு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மார்கழிக் குளிரில் இருவரும் பச்சைத் தண்ணீரில் குளித்தோம். அவர் தலையில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் லைன் அதிர ஐயோ என்று கத்தினார். டீக்கடையில் டீயும் பன்னும், மளிகைக் கடையில் பிஸ்கட், அதுதான் சாப்பாடு. அவர் மதியம் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. என்னோடு உட்கார்ந்து பிஸ்கட்டையே டீயில் தோய்த்துத் தின்றார். கட்டிக்கொண்ட இத்தனை வருடத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

மகள் போன் செய்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? இங்க சேலத்துல நல்ல சாதி நாய்க்குட்டி கெடைக்குது. நான் ஒண்ணு வாங்கியாறேன்."

"நான் செத்தா உங்கப்பனுக்கு வேற ஒருத்தியப் புடிச்சாறயா கண்ணு?"

அவள் போனை வைத்துவிட்டாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் எனக்கு நாய் வேண்டும் என்றா அழுதுகொண்டிருந்தேன்? எனக்கு அவன் வேண்டும். கிடைக்க மாட்டான். கிடைக்க மாட்டான் என்று தெரிந்து அழுகிறவளை அழவிடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்டது.

அந்த இரண்டு நாளும் வீடு பிடிக்கவில்லை. கதவு இடுக்கில் அவன் முடி. அவன் பிறாண்டின கோடு. அவன் சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். லைனில் சிலர் என்னைக் கண்டால் "என்ன, எழவு முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். "இன்னும் சோறு வருலீங்க. வந்தா முடியும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். வீம்பு என்றார்கள். வீம்புதான். யாரும் இறங்கி வரப்போவதில்லை என்று எனக்குள் ஒரு பயமும் இருந்தது. அப்படி வராமலே போனால் நான் எத்தனை நாளைக்கு அடுப்பை மூடிவைப்பேன்? கடைசியில் ஒருநாள் தோற்றுப்போய்த் தீக்குச்சியைக் கிழித்தால், அவன் வெறும் நாய்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மூன்றாம் நாள் காலையில் மேட்டுக்குப் போய்ப் பால் ஊற்றினேன். மனிதர்களுக்குச் செய்கிற மாதிரியேதான். ஒரு பாக்கெட் பாலை மண்மேல் ஊற்றி, கொஞ்சம் பூவைத் தூவிவிட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு அங்கிருந்தே வேலைக்கு இறங்கினேன். மேட்டுக்கு நேர் கீழே உள்ள நிரைகள்தான் அன்றைக்கு. பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாலைப் பார்த்து ஒருத்தி இன்னொருத்தியின் விலாவில் இடித்தாள். அக்காவும் வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் நிரை என் நிரைக்குப் பக்கத்திலேயே விழுந்திருந்தது.

அவரவர் நிரைத் தலைப்புக்குப் போய் நின்றோம். பனி விலகவில்லை. உள்ளே இரண்டு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினாள். ஒருத்தி இடுப்பு முடிச்சை இறுக்கினாள். ஒருத்தி சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தாள். நானும்தான் கட்டின சாக்கை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன். கை தானாகச் செய்தது. அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே, குனிந்து சேலையைச் செருகிக்கொண்டே, எப்போதும் போலக் குரல் கொடுத்தார்.

"எங்க அந்தத் திருட்டு நாயி? இன்னுங் காண..."

சொல் அங்கேயே நின்றுவிட்டது. அக்கா குனிந்தபடியே இருந்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சுண்ணாம்பு தடவினவள் விரலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

"ஏனுங்க, யாருக்காக நிக்கறீங்க எல்லாரும்? வெறும் நாய்தானுங்களே? பள்ளத்துல வீசற நாய்தானுங்களே? போங்க உள்ள. ஏன் நிக்கறீங்க? போங்க!"

ஒருத்தியும் அசையவில்லை. மேலேயிருந்து மேஸ்திரி, "என்னம்மா நின்னுட்டிருக்கீங்க, நெரையப் புடிங்க" என்று சத்தம் போட்டார். அப்போதும் அசையவில்லை. அக்கா நிமிர்ந்தார். வெற்றிலையைத் துப்பினார். இடுப்புச் சாக்கை அவிழ்த்துச் செடிமேல் எறிந்துவிட்டு லைனைப் பார்த்து நடந்தார்.

"எங்கம்மா போற?" என்றார் மேஸ்திரி.

"எழவு ஊட்டுக்குச் சோறாக்கப் போறேனுங்க. அரை நாள் கூலிய வெட்டிக்கறதுன்னா வெட்டிக்கங்க."

மேஸ்திரி வெட்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை.

நான் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டேன். சருகைத் தட்டிக்கொண்டே என் நிரையில் முன்னால் இறங்கினேன். அந்த முனைக்குப் போய் வெளியே வந்ததும் "வாங்க, ஒண்ணுமில்ல" என்று கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. பிறகு அக்கம்பக்கத்து நிரைகளிலும் புகுந்து வந்தேன். அதற்கப்புறம்தான் உள்ளே வந்தார்கள்.

உச்சிப்பொழுதில் அக்கா திரும்பி வந்தார். ஒரு கையில் தூக்கு, இன்னொரு கையில் வாழையிலைப் பொட்டலம். மேட்டில் மரத்தடிக்கு என்னைக் கூப்பிட்டார். தூக்கை என் முன்னால் வைத்தார். சுடுசோறும் ரசமும். நான் கையைக் கழுவிவிட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டேன். அக்கா தண்ணீரை நீட்டினார்.

"தின்னு புள்ள. ரெண்டு நாளா அந்தச் செவுத்துக்குப் பின்னால நீ பிஸ்கட் கடிக்கற சத்தம் எனக்குக் கேட்டுட்டே இருந்துது. எனக்கு மட்டும் சோறு எறங்குச்சுங்கறயா? எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றதுன்னு தெரியாம இருந்துட்டேன்."

பிறகு இலைப் பொட்டலத்தை அவிழ்த்தார். வாசம் முதலில் வந்தது. வறுத்த கருவாடு. எழவு வீட்டுக்குக் கவிச்சி கொண்டுவருவது லைனில் யாரும் செய்யாத காரியம். நான் அக்காவைப் பார்த்தேன்.

"தெரியும், கொண்டாரக் கூடாதுன்னு. உனக்கில்ல."

மண்மேல் காய்ந்த பால் வெள்ளையாகத் தெரிந்தது. அக்கா அதன் பக்கத்தில் இலையை வைத்து, காற்றில் மடங்காமல் நுனியில் ஒரு கல்லையும் வைத்தார். எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து, மண்ணைக் கையால் ஒரு தடவை தட்டினார்.

"இன்னைக்காச்சும் திருடாம தின்னுடா சாமி."

நான் தூக்கிலிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.